அடியும் தாங்கணும், பவுசும் காட்டணும்: ரெனைசான்ஸ் கால அலங்காரக் கவசங்கள்

மாட்ரிட் அரண்மனை ஆயுதக்கூடத்துல ஒரு ஹெல்மெட் இருக்கு. பாத்தா ஹெல்மெட்டுன்னே தோணாது. சுருட்டை சுருட்டையா தங்கக் கலர்ல தலைமுடி, தாடைய மூடுற துண்டுல அதே மாதிரி சுருட்டைத் தாடி, எல்லாமே எஃகு. 1533ல மிலன் நகரத்துல பிலிப்போ நெக்ரோலிங்கிற கவசக் கொல்லர் புனித ரோமப் பேரரசர் அஞ்சாம் சார்லஸுக்காக அடிச்சது. இத போட்டோல பாக்குற எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "இத மாட்டிக்கிட்டு எப்படிய்யா சண்டை போட்டாங்க?"

பதில் என்னன்னா, இத மாட்டிக்கிட்டு சண்டை போடல. ஆனா அதே சார்லஸ், அதே அளவுக்கு தங்கம் மின்னுற இன்னொரு கவசத்த போட்டுக்கிட்டு நெசமாவே போர்க்களத்துல குதிரை மேல உக்காந்திருக்காரு. ரெண்டும் அலங்காரக் கவசம்தான், ரெண்டும் ஒரே ஆளோடதுதான், ஆனா ஒண்ணு போருக்கு, ஒண்ணு பவுசுக்கு. எது எதுக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? மேல போட்டிருக்கிற நகாசு வேலைய பாத்தாலே முக்கால்வாசி தெரிஞ்சிரும்.

முதல்ல வெறும் கவசம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பாத்துருவோம், இல்லன்னா மத்தது புரியாது. 1400கள் தொடங்கி ஐரோப்பாவுல தலையிலேருந்து கால் வரைக்கும் எஃகுத் தகடால மூடுற கவசம் வந்துருச்சு. போருக்குப் போடுற முழுக் கவசம் சுமாரா 20லேருந்து 25 கிலோ. இத கேட்டதும் ஐயோ அவ்வளவு வெயிட்டான்னு தோணும், ஆனா இது மூட்டை மாதிரி ஒரே இடத்துல தொங்காது, தோள், இடுப்பு, தொடை, கைன்னு உடம்பு முழுக்க பிரிஞ்சு தோல் வார்ல கட்டியிருக்கும், ஒவ்வொரு மூட்டுலயும் சின்னச் சின்னத் தகடுங்க ஒண்ணு மேல ஒண்ணு நழுவுற மாதிரி ரிவெட் அடிச்சிருப்பாங்க, அதனால போட்டவரு ஓடலாம், படுத்து எந்திரிக்கலாம், குதிரை மேல ஏறலாம். கிரேன் வச்சு தூக்கி குதிரை மேல உக்கார வச்சாங்கன்னு ஒரு கதை சுத்துதே, அது சுத்தப் பொய். இன்னைக்கு ராணுவத்துல ஒரு சிப்பாய் முதுகுல சுமக்குறது பல நேரம் இதவிட ஜாஸ்தி.

இதுல முக்கியமான விஷயம் தகட்டோட வடிவம். எஃகு தடிமனா இருக்கிறதால மட்டும் உயிர் தப்பல. மார்புத் தகடு நடுவுல புடைச்சு ரெண்டு பக்கமும் சரிஞ்சு போகும், அந்த வளைவுல வர்ற ஈட்டி முனையும் அம்பும் நேரா குத்த முடியாம வழுக்கி ஒதுங்கிப் போயிரும். அப்ப கவசத்தோட மேற்பரப்பு வழவழன்னு இருக்கணும், எங்கயும் பள்ளமோ மேடோ இருந்து ஆயுத முனை மாட்டிக்கக் கூடாது. இந்த ஒரு விதிய மனசுல வச்சுக்கோங்க, மத்த எல்லாமே இதோட ஒத்துப்போகுதா இல்ல மோதுதாங்கிறதுதான் கதை.

இப்ப அலங்காரத்துக்கு வருவோம். ரொம்ப பரவலா இருந்தது ஆசிட் வச்சு அரிக்கிறது. எஃகுத் தகடு மேல மெழுகோ வார்னிஷோ பூசுவாங்க, படம் வேணுங்கிற இடத்துல ஊசியால கீறி எடுத்துருவாங்க, அப்புறம் வினிகர், நவச்சாரம், துத்தம் மாதிரி சமாச்சாரங்க கலந்த அரிப்பு மருந்த போட்டா கீறின இடம் மட்டும் லேசா அரிச்சு பள்ளமாகும். ஜெர்மன் ஆளுங்க இத தலைகீழாவும் செஞ்சாங்க, அதாவது பூ, கொடி, உருவம் இதையெல்லாம் பிரஷ்ஷால வார்னிஷ்ல வரைஞ்சுட்டு சுத்தி இருக்கிற பின்னணிய அரிக்க விட்டாங்க, அந்தப் பின்னணியில பொடிப்பொடியா புள்ளி வேற வச்சு விட்டாங்க, பின்னணிக்கு கறுப்பு ஏத்தினா உருவம் பளிச்சுன்னு எந்திரிச்சு நிக்கும். பள்ளம் எவ்வளவு ஆழம்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. நம்ம எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டுவாங்களே, பேர் வெட்டினதால குடம் ஒழுகுமா என்ன, அது மாதிரிதான். தகட்டோட வளைவு அப்படியே இருக்கு, வழவழப்பும் பெருசா கெடல, ஈட்டி வந்தா வழுக்கிட்டுத்தான் போகும். அதனால ஆசிட் வேலை செஞ்ச கவசத்த தாராளமா போருக்கு எடுத்துட்டுப் போகலாம்.

இதுல ஒரு சுவாரசியம் என்னன்னா, ஐரோப்பாவுல உலோகத் தகட்ட ஆசிட்ல அரிச்சு, மை தடவி, பேப்பர்ல படம் அச்சடிக்கிற கலையே இந்தக் கவசப் பட்டறைலேருந்து வந்ததுதான். ஆக்ஸ்புர்க்ல இருந்த டேனியல் ஹோப்ஃபர் 1500 வாக்குல இந்த டெக்னிக்க அச்சுக்கு கொண்டு போனவங்கள்ல முதல் வரிசை ஆளு, அவரு கவசத்துக்கும் ஆசிட் வேலை செஞ்சவரு.

அடுத்து தங்க முலாம். தங்கத்த பாதரசத்துல கரைச்சு கூழ் மாதிரி ஆக்கி, தகட்டுல தடவி, நெருப்புல காட்டுவாங்க. பாதரசம் ஆவியாப் போயிரும், தங்கம் ஒட்டிக்கும். அந்த ஆவிய மூச்சுல இழுத்தவங்க கதி என்னாயிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, ராஜா மார்புல மின்னுற தங்கத்துக்கு எவனோ ஒரு தொழிலாளி நரம்புத் தளர்ச்சியில விலை குடுத்திருக்கான். கவசத்துக்கும் இதுல ஒரு பிரச்சனை உண்டு. நல்ல கொல்லர் எஃகை பழுக்கக் காய்ச்சி தண்ணியில தோய்ச்சு கெட்டிப்படுத்தியிருப்பாரு, அதுக்கு மேல முலாம் பூச திரும்பச் சூடு காட்டினா அந்தக் கெட்டித்தன்மை கொஞ்சம் எறங்கிரும். பவுசு கூடினா பாதுகாப்பு குறையிறது இங்கயே ஆரம்பிச்சுருச்சு பாருங்க. சூட்ட அளவா வச்சு ரெண்டையும் காப்பாத்துறதுதான் பெரிய பட்டறைகளோட தொழில் ரகசியம்.

சூட்டுலயே இன்னொரு வித்தையும் இருக்கு. மெருகேத்தின எஃகை 300 டிகிரி செல்சியஸ் பக்கத்துல சூடாக்கினா மயில் கழுத்து மாதிரி நீலம் ஏறும். பெயின்ட்டே கெடையாது, மேல படியிற ஆக்சைடு படலம்தான் அந்தக் கலர். நீல எஃகு, நடுவுல தங்கப் பட்டை, அந்தக் காம்பினேஷனுக்கு அப்ப பெரிய மவுசு.

இதெல்லாம் கவசத்தோட வேலைய கெடுக்காத அலங்காரம். சில அலங்காரம் உதவியும் செஞ்சிருக்கு. 1500களோட முதல் முப்பது வருஷத்துல ஜெர்மன் பக்கம் தகடு முழுக்க விசிறி மடிப்பு மாதிரி வரிவரியா மடிச்ச கவசம் ஃபேஷன், பேரரசர் மாக்ஸிமிலியன் பேரால இப்ப அத சொல்றாங்க. தகர ஷீட்ட வரி வரியா மடிச்சா வளையாம நிக்கும்ல, அதே சங்கதி, மெல்லிசான தகடுக்கு பலம் கூடுது, பாக்கவும் மடிப்புத் துணி மாதிரி ஜோரா இருக்கு.

இப்ப எதிர்ப்பக்கம். நெக்ரோலி செஞ்சது ஆசிட் வேலை இல்ல, தகட்ட உள்பக்கத்துலேருந்து தட்டித் தட்டி உருவத்த வெளிய எழுப்புற புடைப்பு வேலை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல அவரு 1543ல செஞ்ச ஹெல்மெட் ஒண்ணு இருக்கு. ஹெல்மெட் உச்சியில ஒரு கடல்கன்னி மல்லாந்து படுத்திருக்கா, முன்னாடி நீட்டின கையில மெடூசாவோட (கிரேக்கக் கதையில வர்ற பாம்புத் தலைமுடி அரக்கி) தலைய முடியப் பிடிச்சு ஏந்தியிருக்கா, மெடூசா வாயக் கோணிக்கிட்டு உங்களப் பாக்குறா. ரெண்டு பக்கமும் சுருண்டு சுருண்டு போற இலைக்கொடி, கொடிக்கு நடுவுல குட்டிக் குழந்தைங்க. தலைய மூடுற இந்தக் கிண்ணப் பகுதி முழுக்க ஒரே எஃகுத் தகடு. ஒட்டு கெடையாது. தங்கம் வெள்ளின்னா சொன்ன பேச்சு கேக்கும், தட்டினா நீளும். எஃகு அப்படியில்ல, ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பத் திரும்ப உலையில காய்ச்சணும், கொஞ்சம் அதிகமா இழுத்துட்டா கிழிஞ்சிரும், அவ்வளவு நாள் வேலையும் குப்பை. அத்தனையும் முடிச்சுட்டு பழைய வெண்கலச் சிலை மாதிரி தெரியணும்னு மேற்பரப்ப கருப்பாக்கியிருக்காரு, நெத்திப்பட்டையில தன் பேரையும் வருஷத்தையும் தங்கத்துல பதிச்சிருக்காரு. எடை 2 கிலோவுக்கும் கம்மி.

நான் பாத்த வரைக்கும் எஃகுல இதுக்கு மேல யாரும் செஞ்சதில்ல. ஆனா ஹெல்மெட்டா மார்க் போடச் சொன்னா ஃபெயில்தான். வாள் வந்து விழுந்தா வழுக்க வழியே இல்ல, கடல்கன்னியோட இடுப்புலயோ மெடூசாவோட மூக்குலயோ மாட்டிக்கும், மொத்த அடியும் தலைக்குள்ள எறங்கும். போதாக்குறைக்கு உருவம் எழுப்பின இடத்துல தகடு இழுபட்டு மெலிஞ்சிருக்கும். செஞ்சவருக்கும் இது தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். ஊர்வலத்துக்கு, அரசர் நகரத்துக்குள்ள நுழையற விழாவுக்கு, இப்படி எடத்துக்குத்தான் இது.

அப்ப எதுக்கு கடல்கன்னி, மெடூசா, சுருட்டை முடி? அந்தக் காலத்து இத்தாலியில எல்லாரும் பழைய ரோம் மேல பைத்தியமா இருந்தாங்க. சார்லஸ் தன்னை ரோமப் பேரரசர்களோட வாரிசா காட்டிக்க நினைச்ச ஆளு, அந்தப் பதவியோட பேர்லயே ரோம் இருந்துச்சு. தலையில தங்கச் சுருட்டை முடியோட ஊருக்குள்ள குதிரையில வந்தா, பாக்குற ஜனத்துக்கு முன்னாடி ஒரு பழைய ரோமச் சிலையே உயிரோட வர்ற மாதிரி இருக்கும். வெறும் தங்கத்த கொட்டிக் காட்டுறத விட இது பெரிய அரசியல்.

அவரோட போர்க் கவசத்த பாத்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். 1544ல ஆக்ஸ்புர்க்ல டெசிடேரியஸ் ஹெல்ம்ஷ்மிட் செஞ்சது, இதுவும் மாட்ரிட்லதான் இருக்கு. தகடு வழவழன்னு வெறுமையா இருக்கு, அது மேல நெடுக்க பட்டை பட்டையா ஆசிட் வேலையும் தங்க முலாமும். மார்புல கன்னி மேரி குழந்தையோட நிக்கிற உருவம், அதுவும் அரிச்சு எடுத்ததுதான், புடைப்பு இல்ல. 1547 ஏப்ரல் 24 மூல்பெர்க்ல புராட்டஸ்டன்ட் இளவரசர்களோட படைய சார்லஸ் தோக்கடிச்சப்ப போட்டிருந்தது இதைத்தான். அடுத்த வருஷமே ஓவியர் டிஷியன் அந்தக் கவசத்தோட அவர குதிரை மேல வச்சு ஆளுயரத்துக்கு மேல ஒரு படம் வரைஞ்சாரு, இப்ப பிராடோ மியூசியத்துல இருக்கு. மூட்டு வாதத்தால அவதிப்பட்டுக்கிட்டிருந்த மனுஷன்தான், ஆனா படத்துல அந்தத் தங்கப் பட்டைகள் மேல வெளிச்சம் விழுற விதத்துல அதெல்லாம் யாருக்குத் தெரியும். கவசம் போர்ல உடம்பக் காப்பாத்துச்சு, ஓவியத்துல பேரக் காப்பாத்துச்சு.

இந்த ஹெல்ம்ஷ்மிட்டுக்கும் நெக்ரோலிக்கும் நடுவுல ஒரு தொழில் பொறாமையும் ஓடியிருக்கு. சார்லஸோட மகன் பிலிப்புக்கு (பின்னாடி ஸ்பெயின் ராஜா ரெண்டாம் பிலிப்) ஹெல்ம்ஷ்மிட்டும் யோர்க் சிக்மன்ங்கிற பொற்கொல்லரும் சேந்து புடைப்பு வேலையில ஒரு செட்டு செஞ்சாங்க, 1552ல முடிஞ்சுது. அந்தக் கேடயத்தோட ஓரத்துல உன்னிப்பா பாத்தா ஒரு காளை ஒரு வீரன முட்டித் தள்ளுது, கீழ விழற வீரன் கையில இருக்கிற குட்டிக் கேடயத்துல "நெக்ரோல்"னு எழுதியிருக்கு! ராஜகுமாரனோட கேடயத்துலயே போட்டிக் கடைக்காரன கலாய்ச்சிருக்காங்க. அந்த தைரியம் எங்கிருந்து வந்துச்சோ.

பணக்காரங்க ஒரு கவசத்தோட நிறுத்தல, ஒரே டிசைன்ல செட்டா வாங்கினாங்க. போருக்கு ஒரு மாதிரி, குதிரையில ஈட்டிப் போட்டிக்கு ஒரு மாதிரி, தரையில நின்னு மோதுற போட்டிக்கு ஒரு மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் கூடுதல் தகடு, மாத்து ஹெல்மெட்டு, எல்லாத்துலயும் ஒரே பூ, ஒரே சின்னம். வியன்னாவுல இருக்கிற கழுகுச் செட்டு இதுல பேர் போனது, டைரோல் இளவரசர் ஃபெர்டினாண்டுக்கு 1547ல இன்ஸ்ப்ருக்ல யோர்க் சாய்சன்ஹோஃபர் செஞ்சது, மொத்தம் 87 துண்டு. ஈட்டிப் போட்டிக் கவசம் தனியா வேணும்ங்கிறது வெறும் பந்தா இல்ல, அங்க அடி எப்பவும் ஒரே திசையில இடது பக்கம்தான் வரும், அதனால அந்தப் பக்கம் தகட்டு மேல தகடு மாட்டி கெட்டியாக்குவாங்க, நடக்கவே வேண்டாம்ங்கிறதால மொத்த எடை 40 கிலோவத் தாண்டினாலும் கவலையில்ல. மாவீரர்களெல்லாம் நடக்கவே முடியாம தவிச்சாங்கங்கிற கதை பாதி இந்தப் போட்டிக் கவசத்த பாத்து கிளம்பினதாத்தான் இருக்கணும்.

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிய விட்டுட்டு இந்தப் பேச்சு முடியாது, மனுஷன் அவ்வளவு கவசப் பிரியர். ஊர்ல நல்ல பட்டறை இல்லன்னு வெளிநாட்டுக் கொல்லர்கள வரவழைச்சு கிரீனிச்ல சொந்தமா ஒண்ண ஆரம்பிச்சாரு. 1515 வாக்குல அவருக்கு செஞ்ச வெள்ளி முலாம் கவசத்துல அவரு பேரோட முதல் எழுத்தும் மனைவி கேத்தரின் பேரோட முதல் எழுத்தும் முடிச்சுப் போட்டு இணைச்ச மாதிரி கொத்தியிருக்கு, ஹென்றியோட டியூடர் வம்சத்துச் சின்னமான ரோஜாவும் கேத்தரினோட சின்னமான மாதுளையும் கூட. அவங்கள விலக்கிட்டு ஹென்றி அடுத்தடுத்து எத்தனை கல்யாணம் பண்ணாருன்னு ஊருக்கே தெரியும், ஆனா எழுத்து கவசத்துல அப்படியே இருக்கு.

அவருக்கு மாக்ஸிமிலியன் பரிசா அனுப்பின கவசம் இன்னும் வேடிக்கை. இன்ஸ்ப்ருக்ல கொன்ராட் சாய்சன்ஹோஃபர் 1511லேருந்து 1514க்குள்ள செஞ்சது, ஹெல்மெட் மட்டும்தான் இப்ப மிச்சம், லீட்ஸ்ல இருக்கு. ஆட்டுக் கிடா கொம்பு, மூக்குக் கண்ணாடி, இளிச்ச வாய், கன்னத்துல மழிக்காத தாடி மயிர் ஒவ்வொண்ணா அரிச்சு வரைஞ்சது, மூக்குல சளி ஒழுகுறது கூட இருக்கு. ஒரு பேரரசர் இன்னொரு ராஜாவுக்கு அனுப்புற பரிசு இது. கவசம் அன்னைக்கு உறவு வளக்குற பரிசுப் பொருள், சிரிக்க வைக்கிறதும் அதோட வேலைல ஒண்ணு.

1520ல பிரான்ஸ் ராஜாவும் ஹென்றியும் பிரான்ஸ் கடலோர ஊரான கலே பக்கத்துல கூடாரம் அடிச்சு பகட்டு காட்டிக்கிட்ட பெரிய சந்திப்பு நடந்துச்சு. அதுக்காக கிரீனிச்ல உடம்புல ஒரு இடம் கூட வெளிய தெரியாத மாதிரி ஒரு கவசம் செஞ்சுக்கிட்டிருந்தாங்க, அக்குள், முழங்கால் பின்பக்கம், உக்கார்ற இடம் எல்லாமே நகர்ற தகடு, 235 துண்டு, சுமார் 42 கிலோ. கடைசி நேரத்துல பிரெஞ்சுக்காரங்க போட்டி விதிய மாத்திட்டாங்க, எஃகுப் பாவாடை வச்ச கவசம்தான் போடணும்னு. இது பாதியில நின்னுபோச்சு. நகாசு ஏறாம வெறும் எஃகா நிக்கிறதால அந்த மூட்டு வேலைய தெளிவா பாக்க முடியுது, 1960கள்ல விண்வெளி உடை டிசைன் பண்ண அமெரிக்க இன்ஜினியருங்க கூட இத ஆராய்ஞ்சிருக்காங்க. அலங்காரமே இல்லாம இவ்வளவு பேரோட நிக்கிற ராஜ கவசம் வேற எனக்கு ஞாபகம் வரல.

எவ்வளவு செலவு பண்ணாலும் ஓட்டை ஒண்ணு இருந்துக்கிட்டேதான் இருக்கும், பாக்குறதுக்கு. பிரான்ஸ் ராஜா ரெண்டாம் ஹென்றிக்கு 1555 வாக்குல செஞ்ச ஊர்வலக் கவசம் நியூயார்க்ல இருக்கு, ஒரு இஞ்ச் விடாம இலைக்கொடி, மனுஷ உருவம், விசித்திர மிருகம், தங்கம், வெள்ளி. அவரு செத்தது 1559ல, பாரிஸ்ல கல்யாணத்துக்கும் சமாதான ஒப்பந்தத்துக்கும் சேத்து நடந்த ஈட்டிப் போட்டியில. அன்னைக்குப் போட்டது போட்டிக் கவசம்தான், ஊர்வலக் கவசம் இல்ல. எதிராளி மோன்ட்கோமரியோட ஈட்டி உடைஞ்சு சிலாம்பு முகமூடிக்குள்ள பூந்து கண்ணுல ஏறிருச்சு, பத்து நாள் துடிச்சு ஜூலை 10 போயிட்டாரு.

மேல இருக்கிறவன் போட்டா கீழ இருக்கிறவனும் போடுவான்ல. 1500களோட கடைசியில வட இத்தாலியில அவசர அவசரமா, கொஞ்சம் கரடுமுரடா ஆசிட் வேலை செஞ்ச கவசங்க நெறைய வந்துச்சு, நடுத்தர அதிகாரிங்க வாங்கிப் போட்டாங்க. கிட்ட போய் பாத்தா உருவங்களோட மூஞ்சி ஒழுங்கா இருக்காது, தூரத்துல பாத்தா பிரபு மாதிரி இருக்கும். ஜெர்மனியில சாதா சிப்பாய்க்கு இன்னும் சிக்கனம், சுத்தியல் அடிச்ச கரடு அப்படியே இருக்க கறுப்பு பெயின்ட் அடிச்சு, நடுவுல சில பட்டைகள மட்டும் மெருகேத்தி விட்டாங்க. முழுசா மெருகேத்துற கூலி மிச்சம், துருவும் பிடிக்காது, பாக்கவும் டிசைனா இருக்கும்.

அப்புறம் துப்பாக்கி. குண்டு தாங்கணும்னா தகடு தடிமனாகணும், கடையில விக்கும்போதே ஒரு குண்டு சுட்டு அந்த நெளிவ அப்படியே விட்டுக் குடுப்பாங்க, தாங்கும்னு காட்ட. தடிமன் ஏற ஏற எடை ஏறுச்சு, அப்ப கால் தகட்ட கழட்டுனாங்க, கைத் தகட்ட கழட்டுனாங்க, 1600கள்ல மார்புக் கவசமும் ஹெல்மெட்டுமா சுருங்கிருச்சு. ஆனா ஓவியத்துல மட்டும் முழுக் கவசம் ரொம்ப காலத்துக்கு மறையவே இல்ல, போர்ல கவசமே போடாத தளபதிங்க கூட படத்துக்கு முழுசா மாட்டிக்கிட்டு நின்னாங்க.

மியூசியத்துல இதையெல்லாம் பாக்கும்போது ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. வெள்ளி மாதிரி பளபளன்னு நிக்கிற பல கவசங்க செஞ்சப்ப அந்தக் கலர்லயே இல்ல. நீலமா, பழுப்பா, ஊதாவா இருந்ததுங்கள பின்னாடி வந்த காவக்காரங்க துரு எடுக்குறேன்னு தலைமுறை தலைமுறையா போட்டுத் தேச்சுத் தேச்சு கலரையே காலி பண்ணிட்டாங்க, கூடவே ஆசிட் கோடுகளும் மங்கிப் போச்சு. அசல் எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்னா எலிசபெத் ராணியோட போட்டி வீரரா இருந்த கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டோட கவசத்த தேடிப் பாருங்க, 1586 வாக்குல கிரீனிச்ல செஞ்சது, இதுவும் நியூயார்க்லதான் இருக்கு. நீலமும் தங்கமும் இன்னும் கண்ணுக்குத் தெரியுது, ராணி பேரோட முதல் எழுத்து ரெண்டு முதுகோட முதுகு ஒட்டின மாதிரி, நடுவுல டியூடர் ரோஜா. தகடு எல்லாம் வழவழன்னுதான் இருக்கு.